ஊசி ஒன்று, வீடு வேறு!

"பிள்ளைக்கு மூன்று தவணை ஊசி போட்டாயிற்று. ஆனாலும் சளியும் ஜுரமும் விட்டபாடில்லை. ஒரு கிருமியை ஒழித்தால் இன்னொரு கிருமி வந்து உட்கார்ந்துகொள்கிறதாமே! பின் எதற்கு ஊசி?"

மில் வாசலிலும் களத்து மேட்டிலும் இந்தக் கேள்வி எழுகிறது. கேட்பவரைப் பார்த்து, "படிப்பறிவில்லாத பேச்சு" என்று தள்ளிவிடுவது சுலபம். நாம் அப்படித் தள்ள மாட்டோம். ஒரு நாள் கூலியை இழந்து, கைக்குழந்தையை இடுப்பில் சுமந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கிறாளே தாய், அவளுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை, முழுப் பொய்யைவிட ஆபத்தானது. முழுப் பொய்யை ஜனங்கள் ஒரு நாளில் கண்டுகொள்வார்கள். பாதி உண்மையோ பல காலம் ஊரைச் சுற்றும். ஆகவே மீதிப் பாதியையும் எடுத்து வைப்போம்.

நாம் பேசுவது நிமோனியா என்னும் நுரையீரல் ஜுரத்தைப் பற்றி. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஐந்து வயது நிறையாத குழந்தைகள் 7 லட்சத்து 40 ஆயிரம் பேரை இந்நோய் கொன்றதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குக் காட்டுகிறது. இறந்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? மாளிகை வீட்டுப் பிள்ளைகள் மிகச் சிலரே. புகை சூழ்ந்த குடிசையிலும், பத்துப் பேர் படுக்கும் ஒற்றை அறையிலும் பிறந்த பிள்ளைகளே மிகப் பலர்.

நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றில் முதன்மையான ஒன்றின் பெயர் நியூமோகாக்கஸ். இதே கிருமி மூளைக் காய்ச்சலையும் உண்டாக்கும். இரத்தத்தில் புகுந்தால் உயிரைக் குடிக்கும். இதற்கு எதிரான தடுப்பூசியைத்தான் நம் நாட்டில் 2017-ல் இமாசலப் பிரதேசம், பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தினார்கள். ஒன்றரை மாதத்தில் ஒன்று, மூன்றரை மாதத்தில் ஒன்று, ஒன்பதாம் மாதத்தில் ஒன்று என மூன்று தவணை. சர்க்கார் நிலையங்களில் இனாம்.

சட்டை மாற்றும் கிருமி

இந்தக் கிருமி எங்கே வசிக்கிறது? குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும். நோய் எதுவும் இல்லாத, ஓடியாடி விளையாடும் குழந்தையின் தொண்டையிலும் இது குடியிருக்கும். பெரும்பாலும் தீங்கு செய்யாது. உடல் தளர்ந்த வேளையில், அல்லது வேறொரு ஜுரத்தின் பின்னே நுழைந்து, நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் இறங்கிவிடுவதும் உண்டு. இருமலிலும் தும்மலிலும் ஒரு குழந்தையிடமிருந்து மறு குழந்தைக்குத் தாவும். நெரிசல் எங்கே அதிகமோ அங்கே அதற்குக் கொண்டாட்டம்.

இந்தக் கிருமியின் மேல் சர்க்கரைப் பொருளால் ஆன ஒரு சட்டை உண்டு. எல்லா நியூமோகாக்கஸும் ஒரே சட்டை போடுவதில்லை. 90-க்கும் மேற்பட்ட விதமான சட்டைகளை விஞ்ஞானிகள் எண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு நம்பர். தடுப்பூசி என்ன செய்கிறது? "இன்ன நம்பர் சட்டைக்காரன் வந்தால் உள்ளே விடாதே" என்று உடலின் காவல்காரனுக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டி வைக்கிறது. மில் வாசலில் படத்தைக் காட்டி வைப்பது போலத்தான். படத்தில் இருப்பவன் மாட்டிக்கொள்வான். படத்தில் இல்லாதவன் நுழைந்துவிடுவான்.

இன்னொரு விசித்திரமும் இந்தக் கிருமியிடம் உண்டு. 1928-ல் லண்டனில் பிரெடெரிக் கிரிஃபித் என்னும் சர்க்கார் மருத்துவ விஞ்ஞானி ஒரு பரிசோதனை செய்தார். சட்டையோடு கூடிய கிருமிகளைச் சூடாக்கிக் கொன்றார். சட்டை இல்லாத, நோய் உண்டாக்காத உயிருள்ள கிருமிகளையும் எடுத்தார். தனித்தனியே செலுத்தினால் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் சேர்த்துச் செலுத்தினார்; எலி செத்தது. செத்த எலியின் உடலில் சட்டை போட்ட உயிருள்ள கிருமிகள் இருந்தன! செத்தவன் சட்டையைத் தைக்கும் வித்தையை உயிரோடிருந்தவன் வாங்கிக்கொண்டான். அந்த வித்தையைச் சுமந்து செல்லும் பொருள் டி.என்.ஏ. என்பதை 1944-ல் நியூயார்க்கில் ஏவரி, மக்லியோட், மக்கார்ட்டி ஆகிய மூவர் நிரூபித்தார்கள். பரம்பரையின் இரகசியத்தை மனிதகுலம் அறிந்துகொண்டதே இந்த நிமோனியாக் கிருமியிடமிருந்துதான்.

ஆக, இந்தக் கிருமி சட்டை மாற்றத் தெரிந்த கிருமி. இதை மனதில் வைத்துக்கொள்வோம்.

காலியான இடத்தில் குடியேறியது யார்?

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைப் போடத் தொடங்கினார்கள். அதில் ஏழு சட்டைகள் மட்டுமே அடக்கம். அங்கே குழந்தைகளை அதிகமாகத் தாக்கிய ஏழு வகைகள் அவை.

பலன் என்ன? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒரு லட்சம் பேரில், இக்கிருமி இரத்தத்திலோ மூளை நீரிலோ புகுந்த கடும் நோய், முன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 99 பேருக்கு வந்தது. 2007-ல் அது ஏறத்தாழ 24 ஆகக் குறைந்தது. ஊசியில் இருந்த ஏழு வகைகளும் அநேகமாக ஒழிந்தே போயின. ஊசி போடாத பாட்டன் பாட்டிகளிடையேயும் நோய் குறைந்தது. பேரப் பிள்ளையின் தொண்டையில் கிருமி இல்லையென்றால் பாட்டிக்கு அது எங்கிருந்து வரும்?

ஆனால் குழந்தைகளின் தொண்டை காலியாக இருந்ததா? இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2001 முதல் 2007 வரை குழந்தைகளின் மூக்கிலிருந்து எடுத்த கிருமி மாதிரிகள் 616-ஐ விஞ்ஞானிகள் முழுமையாகப் படித்தார்கள். முடிவு 2013-ல் வெளிவந்தது. கிருமியைச் சுமக்கும் குழந்தைகளின் தொகை அதிகம் மாறவில்லை. கிருமிக் கூட்டத்தின் சேர்மானம்தான் மாறியிருந்தது. ஊசியில் இருந்த வகைகள் வெளியேற, இல்லாத வகைகள் அந்த இடத்தில் குடியேறியிருந்தன.

நம் விவசாயத் தொழிலாளிக்கு இது புதிய செய்தி அல்ல. வயலில் ஒரு வகைக் களையை மட்டும் அடியோடு பிடுங்கிப் பாருங்கள். மண்ணும் நீரும் வெயிலும் அப்படியே இருக்கின்றன. மூலையில் ஒடுங்கிக் கிடந்த வேறொரு களை நடு வயலுக்கு வந்துவிடும். பிடுங்கிய கையா அந்தக் களையை உண்டாக்கியது? இல்லை. அது முன்பே இருந்தது. இடம் கிடைத்ததும் பெருகியது.

மாசசூசெட்ஸிலும் அதுதான் கண்டது. புதிதாய்ப் பரவியவற்றில் மிகப் பல, ஊசிக்கு முன்பே அங்கே சிறு தொகையாய் வாழ்ந்த வகைகள். சில மட்டும் கிரிஃபித் கண்ட வித்தையைக் காட்டின. ஊசியில் இருந்த 4-ஆம் நம்பர் கிருமிகளில் ஒரு குலம், ஊசியில் இல்லாத 19ஏ என்னும் சட்டையை மாட்டிக்கொண்டு தப்பியதை அமெரிக்காவில் கையும் களவுமாகக் கண்டார்கள். இந்த 19ஏ சட்டைக்காரர்களில் பல, பென்சிலினுக்கும் எளிதில் அடங்காதவை. மருந்தை வகைதொகை இல்லாமல் அள்ளிக் கொடுத்த ஊரில் அவற்றுக்கு இரட்டை லாபம்.

அப்படியானால் நோய் எப்படி 99-லிருந்து 24-க்கு இறங்கியது? புதிதாகக் குடியேறிய வகைகளில் பெரும்பாலானவை தொண்டையோடு நின்றுவிடுபவை. இரத்தத்துக்குள் பாயும் வேகம் குறைந்தவை. பத்துப் போக்கிரிகள் குடியிருந்த தெருவில் ஒன்பது சாதுக்களும் ஒரு போக்கிரியும் குடியேறியது போல. ஆட்களின் எண்ணிக்கை அதேதான்; அடிதடி குறைந்துவிட்டது.

இதுவே தாயின் கேள்விக்கு முதல் பதில். அம்மா, ஊசி புதுக் கிருமியை உண்டாக்கவில்லை. கொடிய கிருமிகளை விரட்டியது. அந்த இடத்தில் வேறு கிருமிகள் வந்தன. வந்தவை பெரும்பாலும் கொடுமை குறைந்தவை. ஆகவே ஊசி போடுவதே சரி.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. "பெரும்பாலும்" என்றோமே, அந்தச் சொல் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் பொருந்தவில்லை.

அலாஸ்காவில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் வடகோடியில் பனி மூடிய அலாஸ்கா. 1867-ல் ரஷ்ய ஜார் மன்னனிடமிருந்து அமெரிக்கா விலை கொடுத்து வாங்கிய பிரதேசம். அங்கே வாழ்ந்த ஆதிகுடி மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மக்களின் குழந்தைகளுக்கும் அதே ஊசிதான் வந்தது. ஒரே கம்பெனி, அதே ஏழு வகை.

கணக்கைக் கவனியுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட ஆதிகுடிக் குழந்தைகளில், லட்சத்துக்கு ஆண்டுக்கு 403 பேர் என்ற விகிதத்தில் கடும் நோய் தாக்கி வந்தது. இது 1995 முதல் 2000 வரையிலான கணக்கு. ஊசி வந்த பின் 2001 முதல் 2003 வரை அது 134 ஆக விழுந்தது. மகத்தான வெற்றி! ஆனால் 2004 முதல் 2006 வரை மீண்டும் 245 ஆக ஏறிவிட்டது. ஊசியில் இருந்த வகைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு ஒழிந்தே இருந்தன. ஏறியது முழுவதும் ஊசியில் இல்லாத வகைகளால். அவற்றில் முன்னணியில் நின்றது அதே 19ஏ.

அதே அலாஸ்காவில், அதே ஆண்டுகளில், ஆதிகுடி அல்லாத மற்றவர்களின் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று? அவர்களிடையே நோய் ஏறவில்லை. குறைந்தது குறைந்தபடியே இருந்தது.

தோழர்களே, ஊசி ஒன்று. கிருமி ஒன்று. நாடும் ஒன்று. விளைவு மட்டும் ஏன் இரண்டு?

விஞ்ஞானிகள் தேடினார்கள். காரணம் ஒன்றே ஒன்று என்று அவர்கள் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு காரணம் கண்ணில் குத்தியது. அந்தக் கிராமங்களில் பலவற்றில் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் கிடையாது. சுமந்து வந்த தண்ணீரைத்தான் வைத்து வைத்துச் செலவழிக்க வேண்டும். ஒரே பாத்திரத்து நீரில் பல பேர் கை கழுவ வேண்டும். சிறு வீட்டில் பெருங்கூட்டம், அடுப்புப் புகை. குழாய்த் தண்ணீர் இல்லாத கிராமங்களிலே இந்நோய் அதிகம் என்று ஆராய்ச்சி காட்டியது.

அதே அலாஸ்காவில் பெட்ரோலிய எண்ணெய் கிடைத்தது. வடக்குக் கடற்கரையிலிருந்து தெற்குத் துறைமுகம் வரை, மலையும் ஆறும் தாண்டி, 800 மைல் நீளத்துக்குக் குழாய் போட்டு, 1977-ல் எண்ணெயை ஓடவிட்டார்கள். எண்ணெய்க்கு 800 மைல் குழாய் போட முடிந்தது; குழந்தை கை கழுவ ஒரு குழாய் போட முடியவில்லை! முதலாளித்துவத்தின் கைத்திறனுக்கும் கல்நெஞ்சுக்கும் இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஒன்றை மறக்கக் கூடாது. மோசமான அந்த ஆண்டுகளிலும் 245 என்பது, ஊசி வருமுன் இருந்த 403-ஐவிட மிகக் குறைவு. ஊசி போடாமல் விட்டிருந்தால் இன்னும் பல பிள்ளைகளைப் புதைத்திருப்பார்கள். பின்னர் 19ஏ உள்பட 13 வகை அடங்கிய புதிய ஊசி 2010-ல் வந்தது. நோய் மறுபடி இறங்கியது. ஆகவே "ஊசி வேண்டாம்" என்பது நம் முடிவல்ல. "ஊசி மட்டும் போதும்" என்பதும் நம் முடிவல்ல.

தங்கச் சுரங்கத்தின் பாடம்

இந்த வழக்கு இன்று நேற்று தோன்றியதல்ல. நூறு ஆண்டுக்கும் மேலான வழக்கு. அது தொடங்கிய இடம் ஆஸ்பத்திரி அல்ல, தொழிலாளர் கொட்டடி.

தென் ஆப்பிரிக்காவின் ராண்ட் தங்கச் சுரங்கங்களுக்கு மொசாம்பிக், நியாசாலாந்து முதலிய வெப்ப நாடுகளிலிருந்து ஆப்பிரிக்கத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். நியாசாலாந்து என்பது இன்றைய மலாவி. குளிரில், நெரிசலான கொட்டடிகளில், ஈரத் துணியோடு படுத்த அவர்களை நிமோனியா வாரிக்கொண்டு போயிற்று. 1911-ல் சுரங்க முதலாளிகள் லண்டனிலிருந்து ஆல்ம்ராத் ரைட் என்னும் பெயர் பெற்ற டாக்டரை வரவழைத்தார்கள். அவர் பல்லாயிரம் தொழிலாளர்களுக்கு நிமோனியா ஊசி போட்டார். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. பிரெடெரிக் லிஸ்டர் என்னும் டாக்டர்தான், இந்தக் கிருமி ஒரே வகை அல்ல, பல வகை என்று சுரங்கத் தொழிலாளரிடமிருந்து எடுத்த கிருமிகளைக் கொண்டு பிரித்துக் காட்டினார். சாவு தாங்க முடியாமற்போக, 1913-ல் வெப்ப நாட்டு ஆள்சேர்ப்பையே அங்கத்திய சர்க்கார் தடை செய்ய வேண்டி வந்தது.

அப்போது இன்னொரு டாக்டர் வந்தார். பனாமாக் கால்வாய் வெட்டும்போது மஞ்சள் ஜுரத்தை அடக்கிய வில்லியம் கோர்கஸ். அமெரிக்க ராணுவத்து டாக்டர், பொதுவுடைமைக்காரர் அல்ல. அவர் சொன்ன யோசனை என்ன? தொழிலாளியைக் கொட்டடியில் அடைக்காதே. ஆளுக்கு இடத்தைக் கூட்டு. சிறு சிறு குடிசைகளில் குடும்பத்தோடு வாழவிடு. பனாமாவில் கொட்டடியை விட்டுத் தொழிலாளர் தனிக் குடிசைகளுக்குப் பிரிந்து சென்றபோது நிமோனியா குறைந்ததை அவர் கண்ணால் கண்டிருந்தார்.

முதலாளிகள் எதை விரும்பினார்கள்? ஊசி மலிவு, வீடு செலவு. கொட்டடி முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஆள்சேர்ப்புத் தடை 1930-களில் தளர்ந்தது. 1970-களில் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஆஸ்திரியன் புதிய நிமோனியாத் தடுப்பூசியைச் சோதிக்க வந்ததும் தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம்தான். அந்த ஊசி வேலை செய்தது; 14 வகை அடங்கிய அதற்கு 1977-ல் அமெரிக்காவில் விற்பனை உரிமம் கிடைத்தது. இன்று நம் குழந்தையின் தொடையில் ஏறும் மருந்துக்குப் பின்னால் அந்தக் கறுப்புத் தொழிலாளர்களின் உடம்பு இருக்கிறது. விஞ்ஞானம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனில் வீட்டுக் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

எந்த ஊருக்கு எந்த ஊசி?

அடுத்த கேள்வி: 90-க்கு மேற்பட்ட சட்டைகளில் எந்தச் சட்டையை ஊசியில் சேர்ப்பது என்று தீர்மானிப்பது யார்?

2000-ல் வந்த ஏழு வகை ஊசி, வட அமெரிக்கக் குழந்தைகளைத் தாக்கிய வகைகளை முன்னிட்டுச் செய்யப்பட்டது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல குழந்தைகளைக் கொன்ற 1-ஆம் நம்பரும் 5-ஆம் நம்பரும் அதில் இல்லை. சாவு இங்கே அதிகம். சந்தை அங்கே அதிகம். ஊசி சந்தையைப் பார்த்தது.

13 வகை ஊசியை விற்ற ஃபைசர் கம்பெனிக்கு 2015-ல் அந்த ஊசி ஒன்றிலிருந்தே 600 கோடி டாலருக்கு மேல் விற்பனை. 2010-ல் அமெரிக்கத் தனியார் சந்தையில் அதன் விலை ஒரு டோஸ் 100 டாலருக்கு மேல். 2016-ல் இதே கம்பெனி, "எல்லைகளற்ற மருத்துவர்கள்" ஸ்தாபனத்துக்குப் பத்து லட்சம் டோஸ் இனாமாகத் தர முன்வந்தது. அந்த டாக்டர்கள் வாங்க மறுத்தார்கள். தருமம் வேண்டாம், விலையைக் குறை என்பதே அவர்கள் பதில். 2017-ல் அதே ஊசிக்கு இந்தியாவிலும் காப்புரிமை வழங்கப்பட்டது. அந்த மருத்துவர்கள் எதிர்த்து வாதாடியும் வழங்கப்பட்டது.

2020 டிசம்பரில் புனே நகரத்துச் சீரம் நிறுவனம் பத்து வகை அடங்கிய ஊசியைக் குறைந்த விலைக்கு வெளியிட்டது. ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகளைத் தாக்கும் வகைகளைக் கணக்கில் எடுத்துச் செய்த ஊசி அது. 1, 5, 19ஏ மூன்றும் அதில் உண்டு. இது நல்ல முன்னேற்றமே. ஆனால் அதுவும் தனியார் கம்பெனியே.

கிருமியோ நிற்கப் போவதில்லை. பிரிட்டனில் 2006-ல் ஏழு வகை ஊசியும், 2010-ல் 13 வகை ஊசியும் வந்தன. பிறகு அங்கே முதியோரிடையே 8-ஆம் நம்பர் முதலிய புது வகைகள் தலைதூக்கின. அமெரிக்காவில் 15 வகை, 20 வகை என்று ஊசி பெருத்துக்கொண்டே போகிறது. கிருமி சட்டையை மாற்றும். ஊசியும் மாற வேண்டும். அது இயற்கையின் நியதி. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதுக் காப்புரிமை, ஒரு புது விலை என்பது இயற்கையின் நியதி அல்ல. அது ஏகபோகத்தின் நியதி.

இதற்கு மாற்று நம் கையில் இருந்தது. கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசிக் கூடம், குன்னூரில் பாஸ்டியர் நிலையம், கசௌலியில் மத்திய ஆராய்ச்சி நிலையம் என்று மூன்று பொதுத்துறைக் கூடங்கள் நம் குழந்தைகளுக்கு மருந்து செய்து கொடுத்தன. 2008 ஜனவரியில் மூன்றின் உற்பத்தி உரிமத்தையும் மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. கூடத்தில் குறை இருந்தால் பணம் போட்டுச் சீர் செய்ய வேண்டும், பூட்டுப் போடுவதா? எதிர்ப்புக்குப் பின் 2010-ல் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் பொதுத்துறைத் தடுப்பூசி வளாகம் கட்டினார்கள். 2021-ல் கொரோனா ஊசிக்கு ஜனங்கள் தவித்த நாளிலும் அது உற்பத்தி தொடங்காமலே கிடந்தது.

நாம் செய்ய வேண்டியது

பிள்ளைக்கு மூன்று தவணை ஊசியையும் தவறாமல் போடுவோம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்களின் பிள்ளைகளையும், வடக்கிலிருந்து மில்லுக்கு வந்திருக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளையும் சங்கம் தேடிக் கண்டுபிடித்து அழைத்துப் போகட்டும். ஊசி போட்டும் குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கினால், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு காலம் கடத்தக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஊசியில் அடங்காத கிருமிகளும் உண்டு என்று மேலே கண்டோமே, அவற்றுக்கு எதிரான முதல் காவல் தாயின் கண்தான்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இவை. எந்த வகைக் கிருமி ஒழிந்தது, எந்த வகை அந்த இடத்துக்கு வந்தது என்று கண்டறியும் வேலை ஒரு சில இடங்களோடு நிற்கக் கூடாது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பல ஆண்டுகளாக நடக்கும் அந்த வேலை மாவட்ட ஆஸ்பத்திரிகள் வரை வர வேண்டும்; முடிவு ஆண்டுதோறும் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். பொதுத்துறைக் கூடங்கள் முழு மூச்சில் இயங்க வேண்டும். நம் மண்ணின் கிருமிக் கணக்குப்படி நம் ஊசி செய்யப்பட வேண்டும். ஊசி போடும் நாளில் தாய்க்குக் கூலி வெட்டு கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு. காற்று வரும் வீடு, புகை போகும் அடுப்பு, வாசலில் குழாய், ஒருவர் மேல் ஒருவர் படுக்காத இடம். மில் விடுதியில் ஒரே அறையில் தொழிலாளரை அடுக்கி வைக்கும் முதலாளி, தன்னை அறியாமலே கிருமிக்குக் குடியிருப்புக் கட்டிக் கொடுக்கிறான். கூலி உயர்வுக் கோரிக்கையும் குடிமனைப் பட்டாக் கோரிக்கையும் சுகாதாரக் கோரிக்கைகளே. அலாஸ்காவின் 245-க்கும் ராண்ட் சுரங்கத்தின் சாவுகளுக்கும் அதுவே அர்த்தம்.

ஊசி, கொடிய கிருமியை விரட்டி இடத்தைக் காலி செய்கிறது. அந்த இடத்தில் யார் குடியேறுவது, குடியேறியவன் எத்தனை பிள்ளைகளைச் சாய்ப்பது என்பதில் வீட்டுக்கும் தண்ணீருக்கும் கூலிக்கும் பங்கு உண்டு. முதல் வேலையை விஞ்ஞானம் செய்து கொடுத்துவிட்டது. இரண்டாவது வேலை நம்முடையது.

வருகிற புதன்கிழமை ஊசி நாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவோம். தெருவுக்குக் குழாய் கேட்டு எழுதிய மனுவையும் கூடவே எடுத்துக்கொண்டு போவோம்!